அரக்கு நிறத்துக்கு அடியில்

மார்ச் 4

சுண்டெலி,

நாற்பது வயதாகிவிட்டது, மீசையில் வெள்ளை விழுந்துவிட்டது, இன்னமும் இப்படிக் கூப்பிடுகிறாளே என்று முகத்தைச் சுளிக்காதே. அம்மா அடிக்க வந்தால் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வாயே, அப்போது நான் வைத்த பெயர். இப்போதும் அதைத்தான் செய்திருக்கிறாய். உன் மச்சான் செத்துப்போன செய்தி வந்ததும் அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே பதுங்கிக்கொண்டாய்.

திட்ட எழுதவில்லை. திட்டுவதை நேரில் வரும்போது வைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், உன்னைத் தேற்றுவதற்கே எனக்கு நேரம் சரியாக இருக்கும். அதனால் எழுதுகிறேன். ஐந்தாவது படித்தவள் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும், பொறுத்துப் படி.

விஷயம் அந்தப் பழைய கார் வண்டி. அவர் போன ஜனவரியிலிருந்து அது ஷெட்டிலேயே நிற்கிறது. என் மாமனார் ஓட்டிய வண்டி என்பதால் அதில் பாதி அவருடைய அண்ணனுக்கு, நம் மூத்தவருக்கு. போன வாரம் வந்து, வாங்க ஆள் இருக்கிறது, வாங்குகிறவர் வீட்டு ஹாலில் கண்ணாடிச் சுவர் எழுப்பி உள்ளே நிறுத்தி வைக்கப்போகிறாராம் என்றார். ஓடுகிற வண்டியை எதற்குப் பொம்மை மாதிரி நிறுத்த வேண்டும், கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டு நானே ஓட்டுகிறேன் என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பிறகு ஒரு நியாயம் சொன்னார். "மே பதினஞ்சாம் தேதி வண்டிக்குப் பரிசோதனை. தேறிட்டா நீயே வெச்சுக்கம்மா, நான் வாயைத் திறக்க மாட்டேன். தேறலைன்னா வித்துடலாம். சரியா?"

சரி என்றுவிட்டேன். பெயின்ட் கடை அவரோடு போயிற்று. எனக்குத் தெரிந்த மற்ற வேலை வண்டி ஓட்டுவது ஒன்றுதான். அதையும் அவர்தான், பக்கத்தில் உட்கார்ந்து "கிளட்ச், கிளட்ச்" என்று கத்திக் கத்திக் கற்றுக்கொடுத்தார்.

இன்ஜின் தொட்டதும் கிளம்புகிறது. பிரேக் பிடிக்கிறது. முன் விளக்கு இரண்டும் பகல் மாதிரி எரிகின்றன. பின்னால்தான் கோளாறு. பக்கத்துக் கடைத் தையல்காரியைப் பின்னால் நிறுத்திவிட்டு நான் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். சிவப்பு விளக்கு எரியும்போது பிரேக்கை மிதித்தால் இடது பக்கச் சிவப்பு மங்குகிறதாம், எரியவே கூடாத மஞ்சள் இண்டிகேட்டர் லேசாக முழிக்கிறதாம்.

"பிரேக் மிதிச்சா வண்டி கண்ணடிக்குதுக்கா" என்கிறாள். "எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. ஷெட்டை மூடிட்டு வாங்க."

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. கடைக்காரனிடம் காட்டு என்று மட்டும் எழுதாதே. நீ போட்ட வயர், நீதான் பதில் சொல்ல வேண்டும்.

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

இந்த மலைக்குச் சாமான் ஏற்றி வரும் லாரிதான் தபால்காரர். உன் கடிதம் மண்ணெண்ணெய் வாசத்தோடு வந்து சேர்ந்தது.

நான் வராததைப் பற்றி. செய்தி என் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகும் வந்திருக்கலாம். "இனி இந்த ஷெட் வாசலை மிதிக்காதே" என்று மச்சான் சொன்னது காதிலேயே இருந்தது. சொன்னவர் இருந்தால் எதிர்த்து மிதித்திருப்பேன். அவர் இல்லாத நேரம் பார்த்து மிதிப்பது திருட்டுத்தனமாகப் பட்டது. இதற்கு மேல் எனக்கு எழுத வராது. விளக்குக்கு வருகிறேன்.

சுலபமானதிலிருந்து ஆரம்பி. பானட்டைத் தூக்கினால் இடது பக்கம் கறுப்புப் பெட்டி இருக்கும். அதற்குள் ஃபியூஸ்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஃபியூஸாக எடுத்துப் பார். முனைகளில் பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துப் போடு. அடுத்தது பின் பல்புகள். ஒரே பல்புக்குள் இரண்டு இழை இருக்கும், ஒன்று சிவப்பு விளக்குக்கு, ஒன்று பிரேக்குக்கு. பக்கவாட்டில் இரண்டு குமிழ், ஒன்று மேலே ஒன்று கீழே. ஹோல்டரில் அதற்கேற்ற பள்ளம் பார்த்துப் போட வேண்டும். போகாவிட்டால் திருப்பிப் போடு. உன் பலத்தைக் காட்டாதே.

ஃபியூஸ் போனால் அதே மாதிரி வாங்கிப் போடு. வேறு எதையும் வைக்காதே.

நீ ஓட்டப்போகிறாய் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. மூத்தவருக்குத்தான் உன்னைத் தெரியாது.

தம்பி


மார்ச் 22

சுண்டெலி,

வேறு எதையும் வைக்காதே என்று நீ எழுதியது வருவதற்கு முன்பே வைத்துவிட்டேன். பின்னால் ஒரு வயரை இழுத்துப் பார்த்தபோது ஃபியூஸ் போயிற்று. தையல்காரியின் புருஷன் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளிக் காகிதத்தைச் சுருட்டிக் கொடுத்தான். எங்கேயும் இப்படித்தான் செய்கிறார்களாம். வைத்த கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. துணியைப் போட்டுப் பிடுங்கி எறிந்தேன். அவனுக்கும் இரண்டு கொடுத்திருப்பேன், அதற்குள் கடைக்குள் போய்விட்டான். நல்லவேளை, வயரின் மேல்தோல் மட்டும் கொஞ்சம் இளகியது. அந்தத் துண்டை மாற்றிவிட்டேன்.

நீ சொன்னது எல்லாம் செய்தேன். முனைகளில் பச்சை இருந்தது, தேய்த்தேன். பல்பு புதிது போட்டேன், பள்ளம் பார்த்துத்தான் போட்டேன். இப்போது சிவப்பு முன்னைவிட நன்றாக எரிகிறது. ஆனால் பிரேக்கை மிதித்தால் அதே கூத்து. இண்டிகேட்டர் போட்டால் சிவப்பும் கூடவே தாளம் போடுகிறது.

வேலை செய்துகொண்டிருக்கும்போதே மூத்தவர் அந்த வாங்குகிற ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மே வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னவர், சும்மா பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார். அந்த ஆள் வண்டியைச் சுற்றி வந்தான். கதவில் தன் முகம் தெரிவதைப் பார்த்துச் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டான். "கண்ணாடி தோத்துடும்" என்றான்.

அந்தக் கடைசிப் பூச்சு நவம்பரில் அடித்தது. நிற்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்து அடித்தார். கதவு முடிந்ததும் நான் ஸ்டூலைத் தள்ளுவேன், மட்கார்டுக்குப் போவார். ஒரு கை பூசுவதும் ஒரு மூச்சு இருமுவதுமாக. இருமும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார், எச்சில் தெறித்தால் பெயின்ட் கெட்டுவிடும் என்று. உடம்பு கெட்டதைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

அந்த ஆள் போகும்போது, "இந்தம்மா தனியா இதையெல்லாம் பிரிச்சுப் போட்டா திரும்பச் சேருமா?" என்று மூத்தவரிடம் கேட்டான். என் கையில் ஸ்பேனர் இருந்தது, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து என்ன?

அக்கா


ஏப்ரல் 1

அக்கா,

வெள்ளிக் காகிதம் வைத்தவனிடம் சொல், வீட்டைக் கொளுத்த அதைவிடச் சுலபமான வழிகள் இருக்கின்றன.

இப்போது ஒரு சோதனை. நீளமான வயர் ஒன்று எடு, பேட்டரியிலிருந்து டிக்கி வரை எட்ட வேண்டும். ஒரு முனையை, பேட்டரியில் வண்டி உடம்போடு சேர்த்து முறுக்கியிருக்கும் முனையில் கட்டு. மறு முனையை உரித்து, பின் விளக்கின் இரும்பு அடித்தட்டில் தொடு. பல்பின் நடுப்பொட்டில் படக்கூடாது. அந்த நேரத்தில் தையல்காரி பிரேக்கை மிதிக்கட்டும். தொடும்போது விளக்கு சரியாக எரிந்து, எடுத்ததும் மறுபடி கண்ணடித்தால் கோளாறு எதுவென்று தெரிந்துவிட்டது.

தொட்டால் எரியும். எனக்கு இங்கிருந்தே தெரியும்.

ஏன் என்று கேட்பாய். கரண்டு விளக்குக்கு வர வயர் இருக்கிறது. திரும்பிப் போக வயர் கிடையாது, வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத்தான் போக வேண்டும். அதைத்தான் எர்த் என்கிறோம். விளக்கின் அடித்தட்டு இரும்போடு இரும்பாக உட்கார்ந்தால் பிரச்சினை இல்லை. நடுவில் ஏதாவது தடுத்தால், வந்த கரண்டு பக்கத்து விளக்கின் இழைக்குள் புகுந்து தப்பிக்கப் பார்க்கும். உன் தையல்காரிக்கு அது கண்ணடிப்பதாகத் தெரிகிறது.

நடுவில் தடுப்பது பெயின்ட். விளக்கைக் கழற்றினால் அது உட்காரும் இடத்தில் மட்கார்டு அரக்கு நிறத்தில் மின்னிக்கொண்டிருக்கும். வேறு எந்தப் பெயின்டரும் அந்த மறைவிடத்தில் ஏனோதானோ என்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போவான். மச்சான் அங்கேயும் எல்லாப் பூச்சும் பூசியிருந்தார். போல்ட் துளையைச் சுற்றிச் சட்டைப் பொத்தான் அகலத்துக்கு இரும்பு தெரியச் சுரண்டிவிட்டு, துருப்பிடிக்காமல் கிரீஸ் தடவி, விளக்கை மாட்டு. முடிந்தது வேலை.

அன்றைக்கு அவரிடம் நான் கேட்டதும் இந்தப் பொத்தான் அகலம்தான்.

தம்பி


ஏப்ரல் 10

தம்பிக்கு,

தொட்டேன், எரிந்தது. தையல்காரி பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே பின்னால் ஓடிவந்து பார்க்கப் பார்த்தாள். சிவப்பு சிவப்பாக, மஞ்சள் மஞ்சளாக, ஒன்றுக்கொன்று வம்பில்லாமல் எரிந்தன. வயரை எடுத்தேன், மறுபடி கண்ணடித்தது. தொட்டுத் தொட்டு எடுத்துக் கொஞ்ச நேரம் விளையாடினேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சந்தோஷம் அதோடு சரி. நான் சுரண்ட மாட்டேன்.

விளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நீ சொன்ன மாதிரியே மின்னுகிறது. மறைகிற இடம், யாருக்கும் தெரியாது என்பாய். எனக்குத் தெரியும். அந்த மட்கார்டுக்குப் பேப்பர் ஒட்டியது நான். பூச்சு காய்கிற வரைக்கும் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டு நின்றதும் நான். அவர் கை பட்டதில் இனி புதிதாக ஒன்றும் வரப்போவதில்லை. இருப்பதைச் சுரண்டு என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டாய்.

பூச்சு காய்ந்து நீ விளக்கு மாட்ட வந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்கும் நினைவிருக்கிறது. நீ உப்புத்தாளை எடுத்தாய், அவர் உன் கையைப் பிடித்தார். "பெயின்ட் கரண்டை விடாது மச்சான்" என்றாய். "அப்போ கரண்டை வேற வழியில கூட்டிட்டுப் போடா. அதுக்குத்தானே உன்னை வெச்சிருக்கேன்" என்றார். அதோடு போயிருக்கலாம். "பூசத் தெரிஞ்சவருக்கெல்லாம் வண்டி தெரியுமா?" என்று கேட்டாய். இருபது வருஷம் உன்னைத் தன் தம்பியாக வைத்துக்கொண்டவரைப் பார்த்துக் கேட்டாய். அதற்குத்தான் அவர் வாசலைக் காட்டினார், உப்புத்தாளுக்கு இல்லை.

இப்போது அவர் இல்லை, நான் சுரண்டி உன்னை ஜெயிக்க வைக்க வேண்டுமா?

வேறு வழி இருந்தால் எழுது. இல்லாவிட்டாலும் அதை எழுது.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

வேறு வழி இருக்கிறது. சோதனைக்குத் தொட்டாயே, அந்த வயரையே நிரந்தரமாக்கிவிடலாம். விளக்கின் அடித்தட்டிலிருந்து டிக்கிக்குள் வந்து, கால்விரிப்புக்கு அடியில் போய், பேட்டரி முனையில் முடிய வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகப் போடு. பரிசோதகர் குறை சொல்ல மாட்டார். வயர் நுழைய ஒரு துளை போட வேண்டியிருக்கும், அதுவும் அவர் பூசிய இடத்தில்தான். எதற்கு மனது வருகிறதோ அதைச் செய். ஜெயிப்பதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

அன்றைக்குக் கேட்டது கேட்டதுதான். அதற்கு நான் இங்கே பதில் எழுதினால் அது உனக்குப் போய்ச் சேரும், சேர வேண்டியவருக்குச் சேராது.

ஒரு சந்தேகம். முன் விளக்குகள் பகல் மாதிரி எரிகின்றன என்று எழுதியிருந்தாய். நான் கிளம்பும்போது அவையும் அழுதுவடிந்துகொண்டுதான் இருந்தன. அங்கேயும் அதே பெயின்ட்தானே. தானாக எந்தக் கோளாறும் சரியாகாது. எங்கேயோ தற்செயலாக இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், பரிசோதனை அன்று குலுங்கும்போது விட்டுப்போகும். கழற்றிப் பார்த்துவிடு.

தம்பி


ஏப்ரல் 28

சுண்டெலி,

காலையில் வலது முன் விளக்கைக் கழற்றினேன். வளையத்தை எடுத்து, கிண்ணத்தை எடுத்து, அது உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்தேன். கிரீஸ் வந்தது. துடைக்கத் துடைக்கக் கீழே இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. போல்ட் துளையைச் சுற்றிச் சட்டைப் பொத்தான் அகலம்.

இடது பக்கத்தையும் கழற்றினேன். அங்கேயும் அப்படியே.

ஓரம் ஓர் இடத்திலும் பிசிறவில்லை. சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டுச் சுரண்டியிருக்கிறார்கள். டேப் ஒட்டிய பசை இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

நான் ஷெட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். தையல்காரி வந்து என்னக்கா என்று கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை, தைத்துக்கொண்டிருந்த துணியை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து ஊசிவேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

யார் செய்தது என்று எனக்குத் தெரிகிறது. ஆனாலும் உன்னைக் கேட்டுக்கொள்கிறேன். கிளம்புவதற்கு முன்னால் அவருக்குத் தெரியாமல் நீ செய்துவைத்தது இல்லையே?

உடனே எழுது. பரிசோதனைக்கு நாள் நெருங்குகிறது. நான் பின்பக்கத்தில் இன்னும் கைவைக்கவில்லை.

அக்கா


மே 7

அக்கா,

நான் செய்யவில்லை. நான் சுரண்டினால் கோழி கிளறின மாதிரி இருக்கும், உனக்கே தெரியும். டேப் ஒட்டிவிட்டுச் சுரண்டுகிற எலக்ட்ரீஷியன் எந்த நாட்டிலும் கிடையாது. அது பெயின்டர் கை.

கிரீஸ் டப்பா என்னுடையது. கிளம்பிய ஆத்திரத்தில் ஷெட்டிலேயே விட்டுவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்கு இறங்கினேன். சுரங்கத்துக்குள் எல்லார் தலையிலும் விளக்கு இருக்கும், முகத்தை மறைக்க முடியாது. கண்ணில் தூசி என்றேன். இங்கே அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

சுரண்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வயர் போட்டாலும் சரி. உன் வண்டி, உன் கை.

செப்டம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது. வாசலை மிதிப்பேன்.

சுண்டெலி


மே 17

சுண்டெலி,

சுரண்டினேன்.

முதலில் டேப் ஒட்டினேன். அவர் மாதிரி வட்டமாக வரவில்லை, உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. பிரித்துவிட்டு மறுபடி ஒட்டினேன். உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு தேய்த்தேன். மேலே அரக்கு போயிற்று, அடியில் சாம்பல் பூச்சு வந்தது, அதுவும் போய் இரும்பு வந்தது. தூள் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. எடுத்து எதிலாவது போட்டு வைக்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு ஊதிவிட்டேன். அவரும் வேலை முடிந்தால் ஊதிவிட்டு அடுத்ததுக்குப் போகிறவர்தான்.

கிரீஸ் தடவினேன், இரண்டு பக்கமும் விளக்கை மாட்டி இறுக்கினேன். தையல்காரியைப் பின்னால் நிறுத்தி எல்லாவற்றையும் போட்டேன். அவள் சத்தமே காட்டவில்லை. என்னடி என்று தலையை நீட்டிக் கேட்டேன். "ஒழுக்கமா எரியுதுக்கா. இதுல சொல்ல என்ன இருக்கு" என்றாள்.

பதினைந்தாம் தேதி நானே ஓட்டிக்கொண்டு போனேன். மூத்தவர் பின் இருக்கையில் வந்தார். வரிசையில் எல்லாம் லாரியும் வேனும், நடுவில் இது ஒன்று. பரிசோதகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூத்தவரை இறங்கச் சொன்னார், அவர்தான் வண்டிக்குச் சொந்தக்காரர் என்று நினைத்து, பின் கதவுப் பக்கம் போய் நின்று சாவி கேட்டார். மூத்தவர் என்னைக் காட்டினார்.

பிறகு என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றார். இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், சிவப்பு, பிரேக், எல்லாவற்றையும் ஒன்றாகப் போடச் சொன்னார். மறுபடியும் போடச் சொன்னார். எனக்குக் கால் நடுங்கவில்லை. எது எங்கே போய் எங்கே திரும்புகிறது என்று தெரிந்த பிறகு எதற்கு நடுங்க வேண்டும்?

"இவ்வளவு பழைய வண்டியில இது இவ்வளவு சுத்தமா இருந்து நான் பார்த்ததில்லை. வயரிங் யாரும்மா?"

"என் தம்பிங்க."

"எங்க இருக்கார்?"

"சுரங்கத்துலங்க."

மேற்கொண்டு கேட்பதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது மூத்தவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். பாதி வழியில், "எங்க அப்பா எப்பவும் ஓட்டிட்டே இருப்பார், இந்தப் பின் சீட்டுல உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லைம்மா. நல்லாத்தான் இருக்கு" என்றார். வீட்டு வாசலில் இறங்கி, அந்த ஆளுக்குத் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினார், பெயின்டுக்கு வலிக்கும் என்பது போல.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு முதல் கல்யாணச் சவாரி. பெண் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டியதில்லை, இருட்டினாலும் வரலாம்.

செப்டம்பரில் வா. திட்டுவது அப்படியே பாக்கி இருக்கிறது.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. பின்பக்கத்தைச் சுரண்டும்போது தேடிப் பார்த்தேன். டேப் ஒட்டிய பசைகூட இல்லை, பென்சில் கோடுகூட இல்லை. முன்பக்கம் இரண்டையும் அவ்வளவு பொறுமையாகச் செய்தவர் பின்பக்கம் வரவே இல்லை. நீ போன பிறகும் வாரக்கணக்கில் ஸ்டூலில் அந்த விளக்குகளுக்குப் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார். உன் கிரீஸ் டப்பாவை மூடி, அலமாரியில் உன் ஸ்பேனர்களோடு சேர்த்து வைத்திருந்தார்.

அங்கே வருவதற்குள் அவருக்கு முடியாமல் போய்விட்டதா, சுண்டெலி? இல்லை, பின்பக்கம் நீ வந்து செய்யட்டும் என்று விட்டு வைத்தாரா?